பாக்கெட் பிரிப்பதை நிறுத்துங்கள், ஆட்டத்தை நிறுத்த வேண்டாம்

கேள்வி: வணக்கம் அக்கா. நான் கோவையிலிருந்து வந்து ஜெர்மனியில், ஆஹனில் எம்.எஸ். படிக்கிறேன். பக்கத்து அறை நண்பன் மூலமாக மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டம் பழக்கமானது. உள்ளே என்ன கார்டு என்று தெரியாமல் வாங்கும் பூஸ்டர் பாக்கெட்டுகளுக்கே அக்டோபரிலிருந்து 200 யூரோவுக்குப் பக்கம் போய்விட்டது, இன்னும் ஆட ஒழுங்கான ஒரு டெக் (கார்டுக் கட்டு) என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை கடைக்குப் போனால் எதிரில் இருப்பவர்கள் 400 யூரோ, 500 யூரோ டெக் வைத்திருக்கிறார்கள், தோற்றுக்கொண்டே இருக்கிறேன். விசாவுக்காக முன்பே பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வரும். அதில் இதற்கு 25 யூரோவுக்கு மேல் ஒதுக்க முடியாது. விட்டுவிடட்டுமா? கையில் இருக்கும் கார்டுகளை வைத்திருந்தால் பின்னால் விலை ஏறுமா? வேண்டிய கார்டுகளை பிரிண்ட் எடுத்து ஆடினால் தப்பா?

பதில்: தம்பி, விட வேண்டாம். 25 யூரோ போதும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கார்டு கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பதும் போட்டிகளில் நடுவராக இருப்பதும்தான் என் வேலை, உங்களைப் போலவே வாடகை, இன்ஷூரன்ஸ், மளிகை எல்லாம் போக மிச்சம் இருப்பதில் ஆடுகிற மாணவர்கள் நிறையப் பேரைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் நன்றாக ஆடுகிறவர்கள் யாரும் பாக்கெட் பிரித்து டெக் சேர்த்தவர்கள் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 200 யூரோதான். அதே பணத்தில் நான் கீழே சொல்லப்போகிற ஃபார்மட்டில் (ஆட்ட வகையில்) மூன்று முழு டெக் கட்டியிருக்கலாம்.

ஒரு பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். இப்போது கடையில் விற்கிற பிளே பூஸ்டரில் ஆடக்கூடிய கார்டு 14. அதில் உறுதியாகக் கிடைக்கிற ரேர் (அரிய கார்டு) ஒன்றுதான், அந்த ரேர் இடத்தில் ஏறக்குறைய ஏழு பாக்கெட்டுக்கு ஒருமுறை அதைவிட அரிய மித்திக் வரும். ஒரு செட்டில், அதாவது ஒரு கார்டு வெளியீட்டில், 20 மித்திக் இருக்கிறது, அதில் உங்களுக்கு வேண்டியது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று கையில் வர சராசரியாக 140 பாக்கெட் பிரிக்க வேண்டும். வேறு இடங்களில் ரேர் விழும் வாய்ப்பைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், பெரிதாகக் குறையாது. பாக்கெட் நாலரை யூரோ என்றால் கணக்கு 600 யூரோவைத் தாண்டுகிறது, அதுவும் ஒரே ஒரு பிரதிக்கு. டெக்கில் அது நாலு வேண்டியிருக்கும். அதே கார்டை, பாக்கெட் பிரித்த யாரோ ஒருவர் வேண்டாம் என்று பத்து யூரோவுக்குத் தனியாக விற்றுக்கொண்டிருப்பார். அந்த யாரோ ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம், அவரிடம் வாங்குகிறவராக இருங்கள்.

பாக்கெட் பிரிப்பதில் சந்தோஷம் இல்லை என்று சொல்ல வரவில்லை, இருக்கிறது. அந்தச் சந்தோஷம் வேண்டுமென்றால் டிராஃப்ட் ஆடுங்கள். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு மூன்று பாக்கெட் எடுத்து, ஒன்றைப் பிரித்து ஒரு கார்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளி, அப்படியே சுற்றி வந்து, கடைசியில் கையில் சேர்ந்ததை வைத்து 40 கார்டு டெக் கட்டி அன்றைக்கே ஆடுவது. பதினைந்து யூரோவை ஒட்டி ஆகும், சாயங்காலம் முழுக்க ஓடும். முக்கியமான விஷயம், 500 யூரோ டெக் வைத்திருப்பவரும் அன்று உங்களைப் போல மூன்று பாக்கெட்டோடுதான் உட்காருவார். மாதம் ஒரு டிராஃப்ட் என்று வைத்துக்கொண்டால் பாக்கெட் பிரித்த காசுக்கு ஒரு ஆட்டமாவது மிஞ்சும். தனியாக அறையில் உட்கார்ந்து பிரித்தால் எதுவும் மிஞ்சாது.

அடுத்து, எதிரில் இருப்பவர் டெக் ஏன் அவ்வளவு விலை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அதைப் புரிந்துகொள்ளாமல் அவரோடு போட்டி போட்டால் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். மேஜிக் 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய ஆட்டம், விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்டது. அன்றிலிருந்து வந்த கார்டுகளில் எதையெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை வைத்துத்தான் ஃபார்மட்டுகள் பிரிகின்றன. லெகஸி என்ற ஃபார்மட்டில் பழைய டூயல் லேண்டுகள் (மந்திரங்களுக்கான சக்தியான மானாவை இரண்டு நிறத்தில் தரும் நிலக் கார்டுகள்) வேண்டும், அவற்றை இனி அச்சடிக்க மாட்டோம் என்று கம்பெனி 1996-லேயே வாக்குக் கொடுத்துவிட்டது, அதனால் ஒரு லேண்ட் கார்டே நூற்றுக்கணக்கான யூரோ. ஸ்டாண்டர்டு புதிய செட்டுகளோடு ஆடுவது, பார்க்க மலிவாகத் தெரியும், ஆனால் கார்டுகள் மூன்று வருடம் போல இருந்துவிட்டு வெளியே போய்விடும், வெளியே போகிற கார்டுகளில் பெரும்பாலானவற்றின் விலையும் கூடவே இறங்கிவிடும். இரண்டு வருடப் படிப்புக்கு வந்திருக்கும் நீங்கள் இப்படித் தேய்கிற பொருளில் பணம் போடக் கூடாது. கமாண்டர் பரவாயில்லை. 100 கார்டு, அடிப்படை லேண்டுகளைத் தவிர எல்லாம் ஒவ்வொன்று, நாலு பேர் சேர்ந்து ஆடுவது, கடையில் ஆயத்த டெக் நாற்பது ஐம்பது யூரோவுக்கே கிடைக்கிறது, அதை மாற்றாமல் வருடக்கணக்கில் ஆடலாம். நண்பர்களோடு சும்மா ஆட அது நல்ல வழி. ஆனால் உங்கள் கடிதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அதற்கு நான் கைகாட்டுவது பாப்பர்.

பாப்பர் விதி எளிது. டெக்கில் குறைந்தது 60 கார்டு, சைட்போர்டு (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் கூடுதல் கார்டுகள்) 15 வரை, அத்தனையும் காமனாக, அதாவது எளிதில் கிடைக்கும் சாதாரணக் கார்டாக, எப்போதாவது ஒருமுறை வெளிவந்திருக்க வேண்டும், தடைப் பட்டியலில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். மேஜிக்கின் இணைய வடிவமான மேஜிக் ஆன்லைனில் ஆட்டக்காரர்களே வளர்த்தெடுத்த ஃபார்மட் இது, 2019-ல் காகிதக் கார்டுகளுக்கும் ஒரே விதி என்று அதிகாரபூர்வமாக ஆக்கினார்கள், 2022-லிருந்து இதன் தடைப் பட்டியலைக் கவனிக்கத் தனியாக ஒரு குழுவே இருக்கிறது, அதில் பெரும்பாலானவர்கள் வெளியில் இருந்து வந்த ஆட்டக்காரர்கள். ஒரு நல்ல டெக் பெரும்பாலும் 30-லிருந்து 60 யூரோவுக்குள் முடிந்துவிடும். விலை குறைவு என்பதால் சின்னப் பிள்ளைகள் ஆட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லைட்னிங் போல்ட், கவுண்டர்ஸ்பெல், பிரெய்ன்ஸ்டார்ம் எல்லாம் காமன்தான், லெகஸியில் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் தங்கள் டெக்கில் வைத்திருப்பதும் இதே கார்டுகள்தான்.

முதல் டெக்காகச் சிவப்பு பர்ன் கட்டுங்கள், எதிராளியின் உயிரை நேரடியாகக் குறைக்கும் மந்திரங்கள் நிறைந்த டெக் அது. லேண்ட் எல்லாம் வெறும் மவுண்டன் (சிவப்பு மானா தரும் அடிப்படை லேண்ட்), அது பல கடைகளில் பெட்டியில் சும்மாவே கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். மிச்சம் லைட்னிங் போல்ட், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், செயின் லைட்னிங், ஃபயர்பிளாஸ்ட், இவற்றோடு நாலைந்து வகை. எதிராளிக்கு உயிர் 20, இந்த மந்திரங்களில் முக்கால்வாசி மூன்று மூன்றாகக் குறைக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு கட்டத்தைப் பாருங்கள். எதிராளி உயிர் 7. உங்கள் கையில் ஒரு போல்ட், ஒரு ஃபயர்பிளாஸ்ட், மேசையில் மூன்று மவுண்டன். போல்ட்டுக்கு ஒரு மவுண்டன் போதும், மூன்று போகும். ஃபயர்பிளாஸ்ட்டுக்கு மானா கொடுக்காமல் இரண்டு மவுண்டனைப் பலி கொடுத்தால் நாலு போகும். கணக்கு சரியாக ஏழு, ஆட்டம் முடிந்தது. ஆனால் எதிராளி நீல டெக், இரண்டு ஐலண்டை (நீல மானா தரும் லேண்ட்) திருப்பாமல், அதாவது செலவழிக்காமல், வைத்திருக்கிறார், கையில் மந்திரத்தை முறிக்கும் கவுண்டர்ஸ்பெல் இருக்கலாம். பலி கொடுப்பது மந்திரத்துக்கான விலை, மந்திரம் முறிந்தாலும் போன மவுண்டன் திரும்பி வராது. அப்போது போல்ட்டை முதலில் விட்டு அவர் அதை முறிக்கிறாரா என்று பார்ப்பதா, அவர் தன் டர்னில் ஐலண்டைத் திருப்பிச் செலவழிக்கும் வரை காத்திருப்பதா, காத்திருந்தால் அதற்குள் அவர் உங்களைக் கொன்றுவிடுவாரா? இந்த முடிவை எடுக்க எந்த ரேர் கார்டும் உதவாது. நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் தோற்பதற்கு டெக் விலை ஒரு காரணம்தான், அதைவிடப் பெரிய காரணம், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு கார்டு குவியலோடு போகிறீர்கள் என்பது. ஒரே டெக்கை நாலு மாதம் கையில் வைத்திருந்து பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

உங்கள் கடையில் பாப்பர் நடக்கவில்லை என்றால் விஸார்ட்ஸின் கடை தேடும் பக்கத்தில் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். ஆஹனிலிருந்து கொலோனுக்கு செமஸ்டர் டிக்கெட்டிலேயே போய்வரலாம், ரயில் செலவு இல்லை.

வாங்குவது எப்படி என்பதில்தான் மாணவர்கள் அதிகம் காசை விடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐரோப்பாவில் தனிக் கார்டு வாங்க எல்லாரும் போவது பெர்லினை மையமாகக் கொண்ட கார்ட்மார்க்கெட் இணையதளத்துக்குத்தான். நீங்களும் அங்கேதான் வாங்குவீர்கள். ஒவ்வொரு கார்டுக்கும் மிகக் குறைந்த விலை யாரிடம் என்று பார்த்துப் பார்த்துக் கூடையில் போட்டால், கடைசியில் பன்னிரண்டு பேரிடமிருந்து பன்னிரண்டு கவர் வரும், கவருக்குத் தபால் ஒரு யூரோவுக்கு மேல், ஆக ஒன்பது யூரோ கார்டுக்குத் தபால் பன்னிரண்டு யூரோவுக்கு மேல் கொடுத்திருப்பீர்கள். இதைத் தவிர்க்க, வேண்டிய கார்டுகளை எல்லாம் வான்ட்ஸ் பட்டியலில் போட்டுவிட்டு அந்தத் தளத்தின் ஷாப்பிங் விஸார்டை ஓட விடுங்கள், ஜெர்மனிக்குள் இருக்கும் விற்பனையாளர்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், தபாலையும் சேர்த்துக் கணக்குப் போட்டு மூன்று நாலு பேருக்குள் அடக்கித் தரும். போல்ட் ஒருவரிடம் பத்து சென்ட் அதிகமாக இருந்தாலும் அவரிடமே மற்ற பத்தும் இருந்தால் அங்கேயே வாங்குங்கள்.

நிலைமை என்ற இடத்தில் நியர் மின்ட் (ஏறக்குறைய புதியது) என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். குட், லைட் பிளேடு (கொஞ்சம் தேய்ந்தது) வரை தாராளமாக வாங்கலாம், ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் போனால் ஓரம் வெளுத்தது தெரியாது. மொழியையும் பார்க்க வேண்டாம், ஜெர்மன், இத்தாலியன் கார்டு சில சமயம் ஆங்கிலத்தைவிட மலிவாக இருக்கும், போட்டியில் எந்த மொழிக் கார்டையும் ஆடலாம், அர்த்தத்தில் சந்தேகம் வந்தால் அதிகாரபூர்வ ஆங்கில வாசகத்தை நடுவரிடம் கேட்கலாம். ஆனால் ஃபாயில் (பளபளக்கும் கார்டு) மட்டும் வேண்டாம், சாதாரணக் கார்டைவிட மலிவாகவே கிடைத்தாலும் வேண்டாம். ஃபாயில் கார்டுகள் வளையும். வளைந்த நாலு கார்டு டெக்கில் இருந்தால் கட்டைப் பார்த்தே அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம், நடுவராக நான் அதை அடையாளம் உள்ள கார்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், நீங்கள் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் எச்சரிக்கை விழும். ஸ்லீவும் அப்படித்தான். ஒரே நிறம், ஒரே பெட்டி, பின்பக்கம் ஒளி புகாததாக வாங்குங்கள், கிழிந்த ஒன்றை வேறு பெட்டியிலிருந்து எடுத்து மாற்ற வேண்டாம்.

சரி, கையில் இருக்கிற கார்டுகள். விலை ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பிரித்தது எல்லாம் புதிய செட், கடைகள் இன்னும் அதையே பிரித்துக்கொண்டிருக்கின்றன, வரத்து கூடக் கூடப் பெரும்பாலான ரேர் விலை இறங்கத்தான் செய்யும். இன்றைக்கே உட்கார்ந்து ரேர், மித்திக்கை மட்டும் தனியே எடுத்து கார்ட்மார்க்கெட்டில் விலை பாருங்கள். இரண்டு யூரோவுக்கு மேல் இருப்பதை நீங்களே விற்கலாம், மற்றதைக் கடையில் மொத்தமாகக் கொடுங்கள், கடை குறைத்துத்தான் எடுக்கும், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, கடைக்காரரும் அதை விற்று வாடகை கட்ட வேண்டும். 200 யூரோ திரும்பாது. ஆனால் பர்ன் டெக்கில் பாதிக்காவது தேறும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலீடு என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 2024 செப்டம்பர் 23-ம் தேதி கமாண்டரில் மானா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ் உட்பட நாலு கார்டைத் தடை செய்தார்கள். மானா கிரிப்ட் நூறு டாலருக்கு மேல் விற்ற கார்டு. ஜுவல்டு லோட்டஸுக்கு கமாண்டரைத் தவிர வேறு எந்த ஃபார்மட்டிலும் பயனே இல்லை, அறிவிப்பு வந்த அன்றே விலை சரிந்தது. அதைச் சேமிப்பாக வைத்திருந்தவர்கள் எவ்வளவு உடைந்துபோனார்கள் என்று எனக்குத் தெரியும். கையில் வேறு பணம் இருப்பவர்கள் அந்த அடியைத் தாங்கலாம், பிளாக்டு அக்கவுண்டில் வாழ்கிறவர் தாங்க முடியாது.

பிரிண்ட் எடுத்து ஆடுவது பற்றி. வீட்டில், விடுதியில், எதிரில் இருப்பவர் சரி என்று சொன்னால் தாராளமாக ஆடுங்கள். சொந்தமாகப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் கார்டுகளைத் தடுக்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனியே 2016-ல் சொல்லியிருக்கிறது. உண்மையில் டெக் வாங்குவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, பழைய காமன் கார்டுக்கு முன்னால் வைத்து ஸ்லீவில் செருகி, பத்து ஆட்டம் ஆடிப் பாருங்கள், பிடித்தால் மட்டும் ஆர்டர் போடுங்கள். ஆனால் கடையில் நடக்கும் அதிகாரபூர்வ போட்டியில் பிரிண்ட் செல்லாது. போட்டியின் நடுவே கார்டு தற்செயலாகச் சேதமாவது போன்ற சில நிலைகளில் நடுவர் தருகிற மாற்றுக் கார்டுதான் விதிவிலக்கு.

இதிலிருந்து முற்றிலும் வேறு விஷயம், அசல் போலவே அச்சடித்து விற்கிற போலிக் கார்டு. அதை வாங்கவே வாங்காதீர்கள், அது பிறகு யாரோ ஒரு புது ஆளிடம் அசல் விலைக்குப் போய்ச் சேரும். சந்தேகமாக இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கம் ஐந்து நிறப் புள்ளிகளில் பச்சையைப் பாருங்கள், அசலில் அதற்குள் நாலு சிவப்புப் பொட்டு எல் வடிவில் தெரியும்.

ஒரு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும். அந்த 200 யூரோ எந்த எந்த நாட்களில் போனது என்று பேங்க் ஆப்பில் பாருங்கள். கடைக்கு ஆடப் போன நாட்களில் என்றால் பிரச்சினை இல்லை, நான் சொன்ன மாற்றமே போதும். பரீட்சைக்கு முந்தைய நாள், வீட்டு ஞாபகம் வந்த ஞாயிற்றுக்கிழமை, பகுதிநேர வேலைக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்த நாள் என்று இருந்தால், கை பாக்கெட்டுக்குப் போவது ஆட்டத்துக்காக இல்லை. அப்படியிருந்தால் வெட்கப்படாதீர்கள். இங்கே பல்கலைக்கழக ஊர்களில் ஸ்டுடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தருகிறது, போய்ப் பேசுங்கள். கவுண்டரில் நிற்பவரிடமும் எனக்கு பாக்கெட் விற்காதீர்கள் என்று சொல்லி வையுங்கள். எங்களிடம் அப்படிச் சொன்ன மாணவர்கள் உண்டு, நாங்கள் விற்றதில்லை, அவர்கள் இன்றும் வந்து ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பக்கத்து அறை நண்பர். அவரையும் ஒரு பாப்பர் டெக் கட்டச் சொல்லுங்கள். நீங்கள் சிவப்பு என்றால் அவர் நீலமோ பச்சை எல்ஃப்ஸோ கட்டட்டும். இரண்டு பேரிடம் இரண்டு டெக் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சமையல் ஆகும் நேரத்தில் ஒரு ஆட்டம் போடலாம், டெக்கை மாற்றிக்கொண்டு ஆடினால் எதிராளி எப்போது எதற்குப் பயப்படுகிறார் என்பதும் புரிந்துவிடும். முதல் மாத 25 யூரோவையும் ரேர் விற்று வந்ததையும் சேர்த்து 60 கார்டையும் வாங்கிவிடுங்கள், ஸ்லீவும் சைட்போர்டும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்லீவ் வரும்வரை அறையில் மட்டும் ஆடுங்கள். ஆர்டரை மட்டும் இருவரும் ஒரே கணக்கில் சேர்த்துப் போடுங்கள், தபால் செலவு பாதியாகிவிடும்.